சிவக்காத வெற்றிலை

ரெஹி காலையில் பன்றிகளுக்குத் தீனி வைத்தான். வாசலில் மனைவி யோவாவின் கல்லறையைப் பெருக்கி, வழக்கம்போல் ஒரு வெற்றிலை மடித்து வைத்தான்.

இந்தோனேசியாவின் சும்பாத் தீவில், வந்தவர் தரும் வெற்றிலையை மென்றுவிட்டால் சம்மதம் என்று பேச்சு முடிந்தது. கடலோர மனையை ஹோட்டலுக்குக் கேட்டு வந்த தரகர் மெல்கி தட்டை நீட்டினார். மறுத்துப் பேசத் தெம்பில்லாத ரெஹி, தட்டைத் தொடாமல் கல்லறையைப் பார்த்தான்.

"கல்ல நோகாம நகத்திடலாம், உம்பு ரெஹி. என்ன, பொண்டாட்டிகிட்ட கேக்கணுமா?"

"கேளுங்களேன்."

மெல்கி சிரித்துக்கொண்டே தன் வெற்றிலையையும் கல்லறைமேல் வைத்தார்.

மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். மெல்கி வைத்தது அப்படியே இருந்தது. ரெஹி மடித்ததைக் காணோம். கல்லடி மணலில் சிவப்பு எச்சில் இன்னும் காயவில்லை.

ஆஸ்பத்திரிக்கு லாரி ஏறும்போது, தன் அக்கா நீட்டிய வெற்றிலையைத் தள்ளிவிட்டு யோவா கடைசியாகச் சொன்னது:

"நீங்களே மடிச்சுக் குடுங்க. அடுத்தவங்க குடுத்தா எனக்குச் செவக்காது."