பச்சை மூக்கு ராக்கெட்

"என்ன கலியாணசுந்தரம், ராக்கெட்டுக்கு மூக்கு பச்சையாக் கிடக்கு?"

ரேடியோ கடைப் பொன்னுதுரை மேசைப் பக்கம் குனிந்து பார்த்துக் கேட்டார்.

காஜா பெராங் வட்டாரத்தில் கலியாணசுந்தரத்தின் தூரிகை படாத பெயர்ப்பலகை கிடையாது. அப்பேர்ப்பட்ட பெயின்டர். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கடைக் கண்ணாடிக்குள் வைக்க, சந்திரனுக்குப் போகிற ராக்கெட் பொம்மை ஒன்றைப் பெட்டியோடு வாங்கி அவரிடம் தந்திருந்தார் பொன்னுதுரை. பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். ரஷ்யாக்காரன் வானத்தில் செயற்கைக்கோள் உருண்டை விட்டதிலிருந்து ஊரெல்லாம் அதே பேச்சுதானே!

பெட்டிப் படத்தில் மூக்கு நல்ல சிவப்பு. மேசை மேலிருந்த ராக்கெட்டிலோ கிளிப்பச்சை.

கலியாணசுந்தரம் ராக்கெட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்படியே நின்றார்.

"நான்தான் மாமா!" அடுப்படியிலிருந்து மகள் ஜெயா ஓடி வந்தாள். "பெயின்ட் டின்னை மாத்தி வச்சுட்டேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, சந்திரனுக்குப் போன ராக்கெட்டை இதுவரைக்கும் யாரு பார்த்தா? மூக்கு பச்சையா இருக்கக் கூடாதுன்னு சட்டமா?"

பொன்னுதுரை சிரித்துவிட்டார். "பெட்டியையும் பக்கத்தில வைக்கோணுமே, பிள்ளை! சரி, நாளைக்குத் தாங்கோ."

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், கலியாணசுந்தரம் மகள் மேல் பாய்ந்தார்.

"கழுதை! ஒரு வேலை உருப்படியாச் செய்வியா? தொட்டது துலங்காத கை! எங்கேயாவது ஒழிஞ்சு போயேன், நான் நிம்மதியா இருப்பேன்!"

ஜெயா ராக்கெட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த பாக்கியலட்சுமிக்கு முகம் சுண்டிவிட்டது. கலியாணசுந்தரத்தின் அக்கா அவள். கிளேபாங்கிலிருந்து பஸ் ஏறி வந்ததே, தன் மகன் தியாகுவுக்கு ஜெயாவைக் கேட்கத்தான். தாயில்லாத பிள்ளை, முறைப் பெண் வேறு. போன தைப்பூசத்தில் கேட்டபோது, "எனக்குக் கல்யாணமே வேணாம் அத்தை" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள்தான். போகட்டும், சின்னப் பிள்ளை என்று மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடியும் வந்திருந்தாள்.

வந்த இடத்தில் இந்தக் கூத்து.

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழாயடியில் ஜெயா டர்பன்டைன் தொட்ட துணியால் பச்சையை மெல்ல மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுக்கில் நின்ற பெயின்டைப் பழைய பல் பிரஷால் வருடினாள்.

"அழுத்தித் தேய்க்கிறதுக்கென்ன? சீக்கிரம் போயிடுமே."

"அழுத்தினா பிளாஸ்டிக் வெளுத்துடும் அத்தை. அப்புறம் எந்த நிறமும் ஒட்டாது."

"இவ்வளவு பழக்கமா! இதுக்கு முன்னாடியும் கெடுத்திருக்கியா?"

"முந்தி ஒரு தடவை, காயறதுக்குள்ள மேல அடிச்சு, சுருங்கிப் போச்சு. அப்புறம் ரெக்கையில வழிஞ்சுடுச்சு."

"அதுவும் நீதானா?"

"ம்... நான்தான்." தலை நிமிரவில்லை.

'அலாமாக்! எருமை மேல் மழை பெய்தாற்போல் சொல்கிறாளே!' என்று நொந்துகொண்டாள் பாக்கியலட்சுமி.

சோப்புத் தண்ணீரில் கழுவி, காற்றில் உலர்த்தி, அப்பா முன்னால் கொண்டுபோய் வைத்தாள் ஜெயா. ஒரு டின்னைத் திறந்து அவர் கையருகே நகர்த்தினாள்.

"அப்பா, இதுதான் செவப்பு. கொஞ்சமாத் தொட்டு மெல்லிசா அடிங்க."

அவ்வளவுதான். பாக்கியலட்சுமிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மீசை முளைத்த நாளாய்ப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு இவள் சிவப்புக் காட்டுகிறாளாமே!

ராக்கெட்டின் மூக்கு சிவக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு குடையை எடுத்தாள்.

"சுந்தரம், வாசலுக்கு வா."

வந்தார்.

"நான் வந்த விஷயத்தை மறந்துடு. தியாகுவுக்கு வேற இடம் பார்த்துக்கிறேன். உன் மகளுக்குக் கையும் சரியில்ல, வாயும் சரியில்ல."

கலியாணசுந்தரம் அவள் கையைப் பிடிக்க வந்தார். முதலில் காற்றைப் பிடித்தார். அப்புறம்தான் கை அகப்பட்டது.

"அக்கா... அந்தப் பச்சையை அடிச்சது நான்."

"என்னடா உளர்றே?"

"செவப்பு, பச்சை எல்லாம் எனக்குச் சாம்பலாத்தான் தெரியுது. கண் நரம்பு போயிடுச்சாம். வைத்தியம் இல்லேன்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வெளிய தெரிஞ்சா எவன் எனக்குப் பலகை கொடுப்பான்?"

"ஜெயாவுக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல. அவளாவே கண்டுபிடிச்சுட்டா. ஒரு வார்த்தை கேட்கல. நான் சொதப்பறதையெல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டு, டின் டின்னாத் திறந்து நிறம் சொல்லிக்கிட்டிருக்கா."

பாக்கியலட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"அடப்பாவி! இவ்வளவும் தெரிஞ்சா அந்தப் பிள்ளையைக் கரிச்சுக் கொட்டுறே? நெஞ்சுல ஈரம் வேணாமா உனக்கு?"

அவர் உள்ளே திரும்பி, மகள் நடமாடும் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆசையா ஒரு வார்த்தை பேசிட்டேன்னா அக்கா, அவ இந்த வீட்டை விட்டுப் போகவே மாட்டா."