சூடு ஆறும் வரை

“சாவியைத் தொடாதே கியோங்! ரெண்டு நிமிஷம் ஓடட்டும்.”

காருக்குள் நீட்டிய கையை மெக்கானிக் கியோங் சட்டென்று இழுத்துக்கொண்டான். விற்றுத் தரச் சொல்லிக் கொண்டுவந்த வண்டிக்கு இவ்வளவு கரிசனமா என்று இருந்தது அவனுக்கு.

நோர்சியா இறங்கிக் கதவைச் சாத்தினாள். கணவர் பஹாரோம் இறந்து நாற்பது நாள் ஆகிவிட்டது. நேற்று ஓதச் சொல்லி, அக்கம்பக்கத்தாருக்குச் சோறு போட்டாள். இன்று காலை முதல் வேலையாக அவருடைய காரை ஓட்டிக்கொண்டு செரம்பான் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

“யோசிச்சுச் செய்ங்கக்கா. அண்ணன் உயிரையே வெச்சிருந்தார் இது மேல. பட்டறைக்கு வந்தா முதல் சலாம் வண்டிக்கு, அப்புறம்தான் எனக்கு.”

“அதனாலதான் விக்கறேன். இது என் சக்களத்தி. வாங்கறவன் வெளியூர்க்காரனாப் பாரு. இது மறுபடி என் கண்ணுல படக் கூடாது.”

கியோங் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகன் இர்ஃபான் டெங்கிக் காய்ச்சலில் போனான். பத்தொன்பது வயது. அடக்கம் செய்த அன்றுகூட பஹாரோம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இரண்டே மாதத்தில் இந்த டர்போ காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்.

தினமும் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் வர அதுதான். பெருநாளைக்கு மலைச்சாலை வழியே எட்டு மணி நேரம் ஓட்டி, சொந்த ஊரான கோத்தா பாருவுக்குப் போகவும் அதுதான்.

“வீட்டுக்கு வந்தா உடனே இறங்குவாரா மனுஷன்? மாட்டார். ‘டர்போ கொதிக்குது சியா, இன்ஜின் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடி ஆறட்டும்’னு உள்ளேயே உக்காந்திருப்பார். ஊருக்குப் போற வழியில எங்க நிறுத்தினாலும் இதே பாட்டு. ‘நீ முன்னால போ, நான் இதை ஆற வெச்சுட்டு வரேன்.’ இரும்போட சூடு தெரிஞ்சுது அவருக்கு. பெத்த வயிறு எரிஞ்சுதே, அதை ஒரு நாள் கேட்டாரா?”

அவருக்கு எப்படித் தெரியும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு. பகலெல்லாம் இர்ஃபானின் அறையில்தான் கிடப்பாள். தெருமுனையில் அந்தக் காரின் டர்போ விசில் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாள். அறையைப் பூட்டி, முகம் கழுவி, தேநீருக்கு வெந்நீர் வைப்பாள். அவர் உள்ளே நுழையும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருக்கும்.

நீண்ட பயணங்களில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாள். நிறுத்தும் இடத்தில் முதல் ஆளாக இறங்கிக் கழிப்பறைக்குப் போய்விடுவாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அழுத முகத்தோடு அவரிடம் அகப்பட்டதில்லை.

“அக்கா, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு.”

“நிறுத்து.”

இன்ஜின் அடங்கியது. பட்டறைக் கூரையில் எங்கோ ஒரு தகரம் படபடத்தது.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?” என்றான் கியோங். “வீட்டு வாசல்ல இதை ஆற வைக்கத் தேவையே இல்லக்கா. டோல்கேட் தாண்டி உங்க தாமான் வீட்டுத் தெருவுக்குள்ள மெதுவா வரும்போதே தானா ஆறிடும்.”

“இதை அவர்கிட்ட சொல்றதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

“முதல் சர்வீஸ்லயே சொன்னேன். ‘எனக்குத் தெரியும்டா’ன்னார்.”

“தெரியுமா?” அவள் குரல் உயர்ந்தது. “தெரிஞ்சுக்கிட்டேவா மூணு வருஷம் தினமும் வாசல்ல உக்காந்திருந்தார்? எதுக்கு?”

கியோங் தோளில் கிடந்த துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான். அழுக்குப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“‘அவ முகம் கழுவ ரெண்டு நிமிஷமாவது வேணும்டா’ன்னார்.”