ஒற்றைக் கம்பி

ஒரு கம்பி மார்லிஸின் கையில் இருந்தது. இன்னொன்று தரையில் கிடந்தது.

விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. சிமெண்டில் கணீரென்று சத்தம் கேட்ட பிறகுதான் இடது கை வெறுங்கை என்று புரிந்தது. விரல்கள் அந்த அளவுக்கு மரத்துப்போயிருந்தன.

கராஜ் கதவின் தலைக்கு மேலே, குறுக்குத் தண்டில், கதவைத் தூக்க உதவும் புது ஸ்பிரிங் பாதி முறுக்கில் நின்றது. பழையது குளிரில் இரண்டாக முறிந்திருந்தது. வட கனடாவின் தாம்சன் ஊரில் ஜனவரியில் அது சகஜம். கராஜ் கதவு பழுதுபார்ப்பவர்களுக்கான கடைசித் தேர்வு எப்போதும் இப்படித்தான், யாராவது ஒருவர் வீட்டில், நிஜமாகவே முறிந்த ஸ்பிரிங்கோடு.

இரண்டு கையையும் மாற்றி மாற்றிக் கயிறு ஏறுவது போன்ற வேலை அது. ஸ்பிரிங்கின் முனையில் ஓர் இரும்புக் குமிழ், அதில் நான்கு துளைகள். ஒரு துளையில் கம்பியைச் செருகிக் கால் சுற்று மேலே தள்ள வேண்டும். அதைப் பிடித்தபடியே அடுத்த துளையில் இரண்டாவது கம்பியைச் செருகி, பாரத்தை அதற்கு மாற்றிய பிறகே முதல் கம்பியை உருவ வேண்டும்.

அழகான ஏற்பாடு. கம்பி இரண்டு இருக்கும்வரை.

இப்போது அவள் ஏணிமேல், கம்பியை இரண்டு கையாலும் அடியிலிருந்து தாங்கிக்கொண்டு நின்றாள். கம்பி அவளைப் பார்த்துக் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருந்தது. விட்டால் சுழலும். முதல் அடி மணிக்கட்டுக்கு, அடுத்தது தாடைக்கு. முறுக்கை நிறுத்திவைக்கும் திருகாணிகளை இறுக்கிவிடலாம்தான். ஸ்பேனர் இடுப்பிலேயே தொங்கியது. அதை எடுக்க ஒரு கை வேண்டும்.

கீழே, கவிழ்த்த வாளியின் மேல், தேர்வாளர் ஃப்ரீசன் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். தோலைக் காப்பிக் குவளையில் துப்பினார். விழுந்த கம்பி உருண்டு அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எடுத்துத் தரவாம்மா? கேட்டா தர்றேன். ஆனா கேட்டீங்கன்னு எழுதிடுவேன்."

எழுதினால் சான்று அட்டை கிடைக்காது. அட்டை இல்லாதவள் தனியாக ஒரு கதவைத் தொட முடியாது. இன்னொரு குளிர்காலமும் கொழுந்தன் டேரிலின் வேனில்தான். ஏணியை இறக்கிக் கொடுத்துவிட்டு, எஞ்சின் உறைந்துவிடாமல் ஓடவிட்டபடி அவள் வேனுக்குள் உட்கார்ந்திருப்பாள். கராஜுக்குள் அவன் வேலை செய்வான். நானும் வரட்டுமா என்று கேட்டால் கண்ணாடியைத் தட்டிச் சிரிப்பான்.

"வண்டி அணையாம பாத்துக்கங்க அண்ணி. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?"

வேண்டும்தான். அவள் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதிப்பாள்.

மார்லிஸ் ஃப்ரீசனைப் பார்த்துத் தலையாட்டி மறுத்தாள். அவர் இன்னொரு பிடி விதையை வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் வகுப்பிலேயே முதல். பயிற்சிக் கூடத்து இரும்புச் சட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஸ்பிரிங் முறுக்கியவள். எந்தக் குளிருக்கு எந்த எண்ணெய், தரையோடு உறைந்துபோன கதவின் அடி ரப்பரை எப்படிப் பிரிப்பது, எல்லாம் மனப்பாடம். இன்றுகூட முதல் வேலையாக, புத்தகத்தில் இருந்தபடி, கதவு எகிறாமலிருக்க அது ஓடும் தண்டவாளத்தில் இடுக்கி போட்டுப் பூட்டியிருந்தாள். கம்பியை எக்காரணம் கொண்டும் விடக்கூடாது என்றும் அதே புத்தகம் சொன்னது. விட்டே ஆகவேண்டும் என்றால் என்ன செய்வது என்று அதில் இல்லை.

முன்கை களைத்தது. கம்பி ஒரு விரற்கடை இறங்கியது. தடுத்தாள். இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

அப்போதுதான் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.

இவ்வளவு நேரமும் அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் தள்ள வேண்டிய திசை அதுதான். ஸ்பிரிங் போகத் துடித்த திசையைப் பார்க்கவே இல்லை. அது கம்பியைக் கீழே இழுத்தது. கீழே வந்ததும் அப்படியே அவளை விட்டு அந்தப் பக்கம் இழுக்கும்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

அவள் எதிர்த்துத் தள்ளுவதைக் குறைத்தாள். கம்பியை விடவில்லை. அதோடு சேர்ந்து தானும் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள்.

டொக்.

கம்பியின் நுனி எதிலோ முட்டியது. இரும்பு முனகும் சத்தம் கேட்டது. பிறகு அசைவில்லை. ஒரு கையை எடுத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையையும் எடுத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஃப்ரீசன் கொறிப்பதை நிறுத்தியிருந்தார். இதெல்லாம்கூட இப்போது கூடத்தில் சொல்லித்தருகிறார்களா என்று கேட்டார்.

மார்லிஸ் ஏணியிலிருந்து இறங்கி, அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் கிடந்த கம்பியைத் தானே எடுத்துக்கொண்டாள். விரல்களை வாயருகில் வைத்து ஊதினாள்.

"எப்படிச் சொல்லித்தருவாங்க? சூடு வெளிய போகுதுன்னு கூடத்து வாசல் எல்லாத்தையும் பலகை வெச்சு அடைச்சுட்டாங்களே. அங்க கதவே கிடையாது."

பயிற்சிச் சட்டத்தில் ஸ்பிரிங் இருந்தது, தண்டு இருந்தது. அதற்குக் கீழே வெறும் காற்று.

ஃப்ரீசன் பேனாவை மூடிப் பையில் செருகினார். எதையும் எடுத்துத் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எழுத ஒன்றுமில்லை.

பூட்டிய கதவின் மேல் கம்பியைச் சாய்த்துவிட்டால் போதும். முறுக்கைக் கதவு தாங்கிக்கொள்ளும்.