சத்தமில்லாத டயர்

"எப்பவும் போல மலைக்குத்தானே அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் அந்தப் பெரிய பெரிய பட்டனாக ரப்பர் புடைத்த டயரை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வண்டியோடு வந்தவர் கையை நீட்டி டயரைத் தடுத்தார்.

பெண்ணைக் கொடுத்த இடம் அப்படி. வருஷத்தில் பாதி நாள் மழை. ரோடு முடிந்த பிறகு அவள் வீடு வரைக்கும் வெறும் களிமண். ஊருக்குள் ஓடுகிற டயரோடு போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பட்டனுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தால்தான் சேற்றை உதறிக்கொண்டு ஏறும். கல்யாணமான கையோடு அவர் நாலு பேரிடம் விசாரித்து இந்த டயரைத் தேடிப் பிடித்து மாட்டினார்.

அதில் ஒரே ஒரு தொல்லை. தார் ரோட்டில் அது போடுகிற கூச்சல் இருக்கிறதே, அப்பப்பா!

மாவு மில்லுக்குள் குடித்தனம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று மனைவி திட்டாத நாளில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் அவர் காதுக்குள் வந்து கத்துவாள். கத்திவிட்டு அவளே சிரிப்பாள்.

மூன்று மாதமாக அவள் திட்டுவதில்லை. வண்டியில் ஏறினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மகள் மூச்சு விட முடியாமல் தவிக்கிறாள் என்று மாப்பிள்ளை போன் பண்ணியபோது, கொட்டுகிற மழை. அப்படியே கிளம்பினார்கள். வண்டி எங்கேயும் வழுக்கவில்லை, சிக்கவில்லை. டயரை ஒரு குறை சொல்ல முடியாது. வாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மகள்தான் இல்லை.

இனி அந்த மலையில் அவர்களுக்கு என்ன வேலை?

"இல்ல தம்பி, இனிமே ஊருக்குள்ளதான். சத்தம் வராததா பாத்துப் போடுங்க."

கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பொண்ணும் மாப்பிள்ளையும் கீழே வந்துவிட்டார்களாக்கும், போகட்டும், அண்ணி காது தப்பித்தது என்றார். இவரும் சிரித்து வைத்தார். நடந்ததை வாய்விட்டுச் சொல்லத் தெம்பில்லை. மகளுக்கு இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, மனைவிக்காவது கேட்டதைச் செய்து கொடுப்போம் என்றுதான் இன்றைக்கு வந்திருந்தார்.

நாலு சக்கரமும் மாற்றி முடிந்தது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி வந்து ஏறிக்கொண்டாள்.

வண்டி வெண்ணெயில் ஓடுகிற மாதிரி ஓடியது. அவள் வளையல் உரசுவதுகூடக் கேட்டது. அவருக்கு மனசுக்குள் கொஞ்சம் பெருமைதான். எத்தனை வருஷத்துப் புலம்பல், இன்றைக்கு ஒருவழியாகத் தீர்ந்தது.

இப்போது நிம்மதிதானே என்று கேட்கத் திரும்பினார்.

அவள் வழக்கம்போல ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். அப்படியும் ஒரு கேவல் தப்பி வெளியே வந்துவிட்டது. சின்னதுதான். சத்தமில்லாத வண்டியில் அது அவருக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"பழைய மாதிரியே போட்டுக்கலாங்க," என்றாள். "அந்தச் சத்தம் இருந்தா, நான் அழறது உங்களுக்குக் கேக்காது."

அவர் வண்டியைக் கடைக்கே திருப்பினார்.

டயருக்குக் காற்றுப் பிடித்துவிட்டு வருகிறேன் என்று, இந்த மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் அவர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். ஊருக்கு வெளியே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டயர் அலறும்படி வேகமாக ஓட்டுவார்.

எந்த டயருக்குத் தினமும் காற்றுப் பிடிப்பார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.