உயிர் இரை

வாளிக்குள் என்ன என்று அவள் கேட்டாள்.

"குஞ்சுகள்," என்றான்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். இரை என்று சொல்லியிருக்கலாம். மீன் என்றாவது சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்து வாய்க்குச் சின்ன மீனும் குஞ்சுதான், மடியில் கிடக்கிற பிள்ளையும் குஞ்சுதான். இன்றைக்குப் பார்த்தா அந்தச் சொல் வர வேண்டும்.

அவள் வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்தில் மீன்கள் உயிரோடு ஓடித் திரிந்தன.

மூடியை அவளே அழுத்தி மூடினாள்.

கந்தசஷ்டியின் கடைசி நாள். பிள்ளை கேட்டு அவள் பிடிக்கிற விரதம். மத்தியானத்துக்குள் கிளினிக்கிலிருந்து தொலைபேசி எடுப்பார்கள். வைத்த கரு தங்கியதா இல்லையா என்று சொல்வார்கள். இதுவும் சரிவராவிட்டால் இனி வேண்டாம் என்று டொக்டர் முதலே சொல்லிவிட்டார்.

வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால்தான் ஸ்காபரோவிலிருந்து இந்த ஏரிக்கு வந்தார்கள்.

"இண்டைக்கு ஒரு உயிரும் போகக் கூடாது," என்றாள். "பிடிச்சாலும் விட்டிட வேணும். உதுகளைத் தொடவே வேண்டாம்."

"சரியப்பா."

இரைப் பெட்டியைத் திறந்தான். விரல்கள் விறைத்திருந்தன.

சிவப்புப் பிளாஸ்டிக் மீனை எடுத்தான். வைத்தான். அது கோடைக்கு. இந்தக் குளிரில் பாஸ் மீன் ஒன்றையும் துரத்தாது. ஆழத்தில் போய்ப் படுத்துவிடும். வாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் தின்னும், அதுவும் மனம் வந்தால்.

வெள்ளித் தகட்டைத் தூண்டிலில் கட்டி எறிந்தான். அடியில் தட்டும்வரை விட்டு, மெல்லத் தூக்கி, மெல்ல விட்டான்.

ஒன்றுமில்லை.

தகட்டைக் கழற்றிவிட்டுப் பாசி நிறத்து ரப்பர் புழுவைக் கொளுவினான். இழுத்தான் என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெதுவாக.

அதற்கும் ஒன்றுமில்லை.

அவள் கல்லில் இருந்தாள். தொலைபேசி கையில். பார்ப்பதும், திரையைத் துடைப்பதும், திரும்பப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அவனுக்கும் ஒரு பந்தயம் இருந்தது. அவளுக்குச் சொல்லவில்லை. தொலைபேசி அடிக்க முதல் ஒரு மீன் கடித்துவிட்டால் கரு தங்கிவிட்டது. கார் ஓட்டி வரும்போது சும்மா தோன்றியது. பொறியியல் படித்தவனுக்கு வருகிற நினைப்பா இது, சுத்த விசர். ஆனால் தோன்றின பிறகு போகமாட்டேன் என்கிறது.

புழுவை மாற்றினான். கறுப்பு. பிறகு மண்ணிறம். பிறகு கரடி மயிர் கட்டிய ஈயக் குண்டு ஒன்று. நேரம் மத்தியானத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"கை விறைக்குது. காருக்குள்ள கொஞ்சம் இருந்திட்டு வாறன்," என்றாள்.

அவள் கார்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவன் வாளியைத் திறந்தான்.

ஒன்றே ஒன்று, என்று தனக்குத்தானே சொன்னான். அள்ளினான். அது உள்ளங்கையில் துடித்தது. பார்க்காமலே அதன் உதட்டில் தூண்டில் முள்ளை ஏற்றினான். ஆழத்தில் இறக்கினான்.

தூண்டில் நரம்பு மெல்ல ஒரு பக்கம் நகர்ந்தது.

கடித்துவிட்டது. கடவுளே, கடித்துவிட்டது. அவனுக்கு அழுகை வந்தது. தங்கிவிட்டது, தங்கிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே நரம்பைச் சுற்றினான். அவசரமே இல்லாமல் மேலே வந்தது, பெரிய பாஸ்.

வாயைத் திறந்து பார்த்தான்.

முள் உதட்டில் இல்லை. ரப்பர் என்றால் கடித்தவுடன் துப்பப் பார்க்கும், உதட்டில் ஏறும். உயிருள்ளதை அப்படியே விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் கிடந்தது. செவுளால் இரத்தம் வந்தது.

முள்ளை உள்ளேயே விட்டு நரம்பை அறுத்தான்.

கார்க் கதவு திறந்தது. தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிப் பிடித்தபடி அவள் ஓடி வந்தாள். கரையில் குந்தியிருக்கிறவனைக் கண்டாள். அவன் கைகள் தண்ணீருக்குள் இருந்தன.

"பிடிச்சிட்டீங்களோ?"

"ம்."

"முதல் அதை விடுங்கோ. பிறகுதான் எடுப்பன்."

அவளுக்கு முதுகைக் காட்டியபடி மீனை முன்னும் பின்னும் அசைத்தான். செவுளுக்குள் தண்ணீர் போகட்டும். மூச்சு எடுக்கட்டும். தொலைபேசி அடித்தது. போ ராசா, போ. வால் அசையவில்லை. தொலைபேசி அடித்தது.

கையை விட்டான்.

மீன் ஒரு பக்கமாகச் சரிந்தது. அப்படியே கீழே போனது. இருட்டுத் தண்ணீரில் வெள்ளையாகக் கொஞ்ச நேரம் தெரிந்தது.

"போயிட்டுதோ?"

"ஓம்," என்றான். "நல்லா நீந்திப் போயிட்டுது."

அவள் தொலைபேசியைக் காதில் வைத்தாள்.

ஆங்கிலத்தில் பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள். பிறகு தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அவன் திரும்பவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள், தமிழில்.

அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குத் தமிழ் எங்கே தெரியப் போகிறது. ஆனாலும் விளங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே திரும்பச் சொன்னாள். அவனுக்கே கேட்டது.

"என்னப்பா, இஞ்ச வாங்கோவன்." அவள் குரல் அழுதது, சிரித்தது. "உங்களைத்தான். கேட்டதோ?"

கேட்டது.

அவன் எழும்பவில்லை. அது இப்போது மேலே மிதந்து வந்துவிடுமோ என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.