கலையாத படுக்கை

“பெரிய ஓட்டல்ல தங்குறவுகளுக்குப் படுக்கை மடிக்கத் தெரியாதாப்பா?” என்று மகள் ஒருமுறை சினிமா பார்த்தபடி கேட்டபோது, மாசானம் சிரித்து மழுப்பிவிட்டான்.

தாராவியிலேயே அதிக சோப்பு விற்ற கடைக்காரன் என்று, கம்பெனி இப்போது அவனையும் மனைவி தங்கமயிலையும் கடலோரப் பெரிய ஓட்டலில் ஒருநாள் தங்க வைத்திருந்தது. காலையில் எழுந்ததும் அவன் விரிப்பை உதறி, மூலை பிசகாமல் மெத்தைக்கடியில் செருகினான்.

“என்னத்தச் செய்யுதிய? ரூம்பாய் வந்து விரிக்கட்டும். ஒருநாளாவது நான் உக்காந்து பாக்கேன்!”

“முடிஞ்சிட்டு, விடு.”

“பக்‌ஷீஸ் கொடுக்கணுமேன்னு பயம்! கஞ்சத்தனத்த இங்கயும் காட்டணுமாக்கும்?”

தங்கமயில் கோபித்துக்கொண்டு லிப்டில் இறங்கிப் போனாள். மாசானம் குளியலறையையும் கழுவித் துடைத்தான்.

கல்யாணத்துக்கு முன் இதே மாடியில் தினமும் பதினாறு அறைகளைச் சுத்தம் செய்தவன் அவன். அதை அவளிடம் சொன்னதில்லை. ஒருநாள் கடும் காய்ச்சலோடு ஓர் அறையைத் திறந்தபோது, படுக்கை விரித்து, தரை துடைத்து எல்லாம் முடிந்திருந்தது. காலிசெய்து போன விருந்தாளி யாரென்றே தெரியாது. அந்தத் தரையில் அரைமணி நேரம் படுத்துத்தான் அன்று பிழைத்தான்.

இன்று இந்த அறையைச் சுத்தம் செய்ய வரப்போகிறவனும் யாரோ. மாசானம் மின்விசிறியைச் சுழலவிட்டபடியே கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினான்.