பத்தியைப் படிக்காதே

“யாஸ்னா, நீ என்ன பண்ணிட்டிருக்கே?”

யாஸ்னா நிமிர்ந்தாள். லியாண்ட்ரோ சார் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“பத்தியைப் படிக்கிறேன் சார்.”

சார் தலையில் அடித்துக்கொண்டார். வகுப்பே சிரித்தது.

“எட்டு மாசமா நான் தொண்டை கிழியக் கத்துறது என்ன? கேள்வியை முதல்ல பாரு. அதுல இருக்கிற வார்த்தையைப் பத்தியில தேடு. கிடைச்சதும் குறிச்சுட்டுக் கிளம்பு. கோழி கொத்துற மாதிரி கொத்தணும். நீ சோபாவுல சாஞ்சு கதை படிக்க வந்தவ மாதிரி உக்காந்திருக்கே.”

“அவ ஷாம்பு பாட்டிலைக்கூட விடமாட்டா சார்,” என்றான் பின்பெஞ்சு எவாரிஸ்டோ. “முழுசாப் படிச்சிட்டுத்தான் தலைக்கே ஊத்துவா.”

மறுபடியும் சிரிப்பு. யாஸ்னாவுக்குக் காது சூடாகிவிட்டது.

அவளைக் குறை சொல்லாமல் என்ன செய்வது? கல்லூரி நுழைவுத் தேர்வில் வாசிப்புத் தாளுக்கு அறுபத்தைந்து கேள்வி, இரண்டரை மணி நேரம். போன வருஷம் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்ததில் பதினாலு கேள்வியைத் தொடவே இல்லை. அதனால்தான் இந்தப் பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். புவெர்த்தோ மோன்ட் ஊரில் வாசிப்புத் தாள் என்றாலே லியாண்ட்ரோ சார்தான்.

மாதிரித் தேர்வுகளில் இப்போது கொத்துகிறாள். அறுபத்தைந்தையும் நிரப்பிவிடுகிறாள். ஆனால் பாதி தப்பாகிறது. போன வருஷம் எழுதியவற்றில் தப்பு அபூர்வம்.

“சார், எனக்கு இந்த முறை சரியா வரலையோ?” என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

“முறை சரியாத்தான் இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாம பத்தியைப் படிக்கிறியா?”

ஆமாம், படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அன்றிலிருந்து அதையும் விட்டாள். அவளுக்கு இனி இருப்பது இந்த ஒரு தடவைதான். அம்மா சால்மன் ஆலையில் மீன் முள் எடுக்கிறாள். “பிரசவம் பாக்கிற படிப்பு கிடைச்சா போ. இல்லேன்னா மார்ச்ல என்கூட ஆலைக்கு வா. மேஸ்திரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அம்மாவின் விரல்கள் கோடையில்கூட விறைத்துக் கிடக்கும். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் யாஸ்னாவுக்குப் பயமாக இருக்கும்.

தேர்வு நாளன்று டிசம்பர் கோடையிலும் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு அறைக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முன்வரிசையில், அவள் இடத்துக்கு அடுத்த மேசையில், கையில் பென்சிலோடு, லியாண்ட்ரோ சார்.

“சார், நீங்களா?”

“வருஷா வருஷம் எழுதுவேம்மா. தாளைச் சுடச்சுடப் பாக்க வேற வழி? மத்த மையத்துக்காரங்களும் எழுதுறாங்க.” கண்ணடித்தார். “ஞாபகம் இருக்கில்ல? கொத்து.”

மணி அடித்தது. யாஸ்னா கொத்த ஆரம்பித்தாள். கேள்வி, வார்த்தை, வரி. மூன்றாவது பத்தியில் ஒரே வார்த்தை நாலு இடத்தில் இருந்தது. எது சரி? இரண்டு விடையும் சரி போலத் தெரிந்தது. சார் எப்படிக் கொத்துகிறார் என்று பார்ப்போமே என்று மெல்ல எட்டிப் பார்த்தாள்.

சார் கொத்தவில்லை.

ஒரு பத்தியின் முதல் வரிக்கடியில் விரலை வைத்திருந்தார். விரல் மெதுவாக நகர்ந்தது. உதடும் கூடவே அசைந்தது. வரி முடிந்தது, அடுத்த வரி. பக்கத்தின் கடைசிவரை போனார். எதற்கோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு மறுபடி மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பத்திக்கான கேள்விப் பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை.

தப்பாகப் பார்க்கிறோமோ என்று யாஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். தப்பில்லை. வரி வரியாகத்தான் படித்துக்கொண்டிருந்தார் மனிதர்.

கடிகாரத்தில் ஐம்பது நிமிடம் போயிருந்தது. இருந்தும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, குறித்ததையெல்லாம் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

கடைசி மணி அடித்தபோது அவள் விடைத்தாளில் பத்தொன்பது கேள்விகள் வெறுமையாக இருந்தன.

வெளியே, குடையை விரித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்தாள்.

“முழுசாப் படிச்சீங்க சார்.”

“எதை?”

“பத்தியை. ரெண்டு தடவை. நான் பாத்தேன்.”

சார் முகம் வெளுத்தது. எவாரிஸ்டோவும் மற்றவர்களும் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“மெதுவாப் பேசும்மா.”

“கொத்துற முறை என்ன ஆச்சு சார்?”

“அந்த முறையில நானும் ரெண்டு வருஷம் எழுதிப் பாத்தேன்.” குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “உன்னைவிடக் கம்மியா வாங்கினேன்.”

யாஸ்னா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். பத்தொன்பது கேள்வி. மார்ச் மாதம். ஆலை.

“அப்ப எங்களுக்கு ஏன் சார் அதைச் சொல்லிக் கொடுத்தீங்க? ‘நல்லாப் படிங்க, தினமும் படிங்க, படிக்கப் படிக்க வேகம் வரும்’னு உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?”

லியாண்ட்ரோ சார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்திருக்க வேண்டும்.

“‘படி’ன்னு சொல்றதுக்கு உங்கம்மா போதுமே. அப்புறம் என்கிட்ட யாரும்மா வருவாங்க?”